பாய் வண்டியின் நீல வயர்

21-1-2025, செவ்வாய்

பிரஷர் 160/100. டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை மட்டும் பத்தாதுங்க கண்ணையா. எப்பெப்பக் கோபம் வருது, யார் மேல, எதுக்குன்னு தினமும் எழுதி வைங்க" என்றார். பேட்டரி கம்பெனிக்காரர் கொடுத்த டைரி கடையில் சும்மாதான் கிடந்தது. சரி, எழுதுகிறேன்.

காலையில் பழனாத்தா மேல். சட்னியில் உப்பே இல்லை. என் பிரஷருக்காகத்தான் போடவில்லையாம். கட்டின பெண்டாட்டியிடம் இதற்கெல்லாமா சண்டை போடுவது என்று நினைத்தேன், அப்புறம் போட்டேன். மத்தியானம் ஹெட்லைட் எரியவில்லை என்று ஒரு வண்டி வந்தது. எவனோ வயரைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, செலோ டேப் ஒட்டி வைத்திருக்கிறான். பல் முளைத்தவன் எல்லாம் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஆகிவிட்டான் இந்த மதுக்கரையில்! சாயந்திரம், இதையெல்லாம் எழுதச் சொன்ன டாக்டரம்மா மேல்.

22-1

கோபம் இரண்டு. எழுத நேரமில்லை.

25-1, சனி

அமீர் ஹம்சா பாய் வந்தார். நான் மார்க்கெட் ரோட்டில் கடை போட்ட வருஷத்திலிருந்து சிநேகிதம். டீக்கடைகளுக்கு பன், ரஸ்க் போடுகிறவர். கடைக்கு நேராக வரும்போது ரெண்டு ஹாரன் அடிப்பார், நான் கையைத் தூக்குவேன். இப்போது மூன்று வருஷமாக மகள் ரம்ஷாவைப் பாலிடெக்னிக் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிறார். சரியாக ஒன்பது பத்துக்கு அந்த ரெண்டு ஹாரன். கடிகாரமே வேண்டாம்.

போன தீபாவளிக்குக் காந்திபுரத்தில் துணி எடுக்கப் போன இடத்தில் அவருடைய வண்டி களவு போனது. இப்போது இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய வண்டி. அதையும் விட்டுவிடுவோமோ என்று மனுஷனுக்குப் பயம். அலாரம் செட் ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு டப்பா, ஒரு சைரன், ரெண்டு ரிமோட், ஒரு கொத்து வயர்.

"ஏனுங் கண்ணையா, ஓடற வண்டியப் புடுங்கிட்டுப் போனாக்கூட நிறுத்த முடியுமுங்களா?"

முடியும். நீல வயர் அதற்குத்தான். பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற சிடிஐ பெட்டிக்குப் போகும் லைனை வெட்டி, நடுவில் அதைக் கொடுத்தால் போதும். ஓடுகிற வண்டியையும் ரிமோட்டை அமுக்கி நிறுத்தலாம். பெட்டியில் இருந்த தாளில் அந்த வயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டு, பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. இணைக்காமல் விடலாம் என்று சொல்கிறானோ என்னவோ. ஆனால் எனக்கு ஒரு புத்தி. எட்டு வயர் கொடுத்தால் எட்டும் வேலை செய்ய வேண்டும். ஒரு வயர் சும்மா தொங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

டேங்கைக் கழற்றி, சாலிடர் வைத்து, ஸ்லீவ் போட்டு, பழைய வயர்களோடு சேர்த்துக் கட்டினேன். கம்பெனியிலேயே வந்தது போல இருந்தது. பாய் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல உங்க வயர் எதுங்க?" என்று கேட்டார். அதைவிட என்ன வேண்டும்! இன்று கோபம் இல்லை.

28-1

குவாரியில் மத்தியானம் வெடி வைத்தால் பாய் வீட்டு வாசலில் வண்டி கத்துகிறதாம். லாரி போனால் கத்துகிறதாம். பூனை சீட்டில் ஏறினால் கத்துகிறதாம். பக்கத்து வீட்டு அழகிரிசாமி, "பாய், உங்க வண்டிய எவனாச்சும் தூக்கிட்டுப் போனா நாந்தான் மொதல்ல சந்தோசப்படுவேன்" என்று சொல்லிவிட்டாராம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பழனாத்தாவிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள்.

30-1

பாய் வண்டியைக் கொண்டு வந்தார். சைரன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இனி அமுக்கினால் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும், வண்டி நிற்கும், சத்தம் வராது. ரெண்டு ரிமோட்டையும் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். அவர் போன பிறகுதான் பார்க்கிறேன், ஒரு ரிமோட் பெஞ்சிலேயே கிடக்கிறது. சாவி மாட்டுகிற ஆணியில் மாட்டி வைத்தேன். தினமும் இந்த வழிதானே, வாங்கிக்கொள்வார்.

பாய்க்கு மறதி. எனக்குக் கோபம். ரெண்டு பேருக்கும் வயதாகிறது.

11-2, செவ்வாய்

பாய் வண்டி விழுந்துவிட்டது. என் கடைக்கு முன்னாலேயே.

எட்டிமடையிலிருந்து ஒருத்தர் தன் வண்டிக்கு அலாரம் போட வேண்டும் என்று வந்திருந்தார். ரிமோட் எப்படி இருக்கும் என்று கேட்டார், ஆணியில் இருந்ததை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு ஹாரன் கேட்டது. வழக்கம்போலக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான், டெம்போ பிரேக் போடுகிற சத்தம். ஓடினேன். ஹாலோ பிளாக் ஏற்றின டெம்போ. பாய் ஒரு பக்கம், ரம்ஷா ஒரு பக்கம். பாய்க்கு முட்டியில் சிராய்ப்புதான். புள்ளைக்கு வலது மணிக்கட்டு — பார்க்க முடியவில்லை. அப்படித் திரும்பியிருந்தது.

டெம்போக்காரன் அழுகிறான். "முன்னால போன வண்டி டக்குன்னு நின்னுபோச்சுங்க, நான் என்னங்க பண்ணுவேன்" என்கிறான். அவனை நான் நாலு அறை விட்டேன். பிடித்து இழுத்தார்கள்.

ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டுமாம். ஏப்ரலில் அவளுக்குக் கடைசி வருஷப் பரீட்சை. சிவில். டிராயிங் பேப்பர் இருக்கிறது.

14-2, வெள்ளி

ஆஸ்பத்திரியில் பாயின் சம்சாரம் மெஹராஜ் என்னைப் பார்த்ததும் அழுதது. "பெட்ரோல் போடுங்கன்னு முந்தின நாளே சொன்னேண்ணா. அப்புறம் அப்புறம்னு இழுத்தாரு. நடுரோட்டுல வண்டி நின்னு, எம்புள்ள கைய முறிச்சுட்டாரு." பாய் பக்கத்தில்தான் நின்றிருந்தார். குனிந்து ரம்ஷாவின் போர்வையை இழுத்துவிட்டார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏனுங் கண்ணையா, தப்பா நினைக்காதீங்க. அந்த அலாரத்துனால எதாச்சும் இருக்குமுங்களா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "என் வேலையவா சந்தேகப்படறீங்க? இருபத்திரெண்டு வருசத்துல எங்கையி பட்ட வண்டி ஒண்ணு திரும்பி வந்திருக்குதா, சொல்லுங்க பாய், சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் வந்து சத்தம் போட்டாள். பாய் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, மனசு சரியில்ல, என்னமோ கேட்டுப்போட்டேன்" என்றார்.

இன்றைய கோபம்: ஒன்று. பெரியது.

15-2

அன்றைக்கு ரோட்டோரமாகத் தூக்கி வைத்த பாய் வண்டியை என் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தேன். டேங்கைத் திறந்தால் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. அப்போது வண்டி ஏன் நின்றது? பிளக், காயில், கார்புரேட்டர், எல்லாம் பார்த்தேன். சுத்தம். என் இணைப்பு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். கல்லு போல இருக்கிறது. மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி. என் வேலையில் குறை இல்லை.

17-2

ஆஸ்பத்திரி. ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். ரம்ஷா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையால் பேனா பிடித்துப் பேப்பரில் கோடு போட்டுப் பார்க்கிறாள். கோணல் மாணலாக.

"மாமா, நான் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க. வண்டி நிக்கறதுக்கு முன்னாடி முன்பக்கம் ரெண்டு இண்டிகேட்டரும் ஒண்ணா மின்னுச்சு. ரெண்டும் ஒண்ணா மின்னுமா மாமா?"

"பயத்துல புள்ள என்னமோ சொல்லுது" என்றார் பாய்.

மின்னாது. அந்த வண்டியில் ரெண்டு பக்கமும் ஒன்றாக மின்ன வழியே கிடையாது. ஒன்றே ஒன்றைத் தவிர.

ஆப்பிளை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லிக்கொண்டுகூட வரவில்லை.

18-2

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தேன். ஆணியில் இருந்த ரிமோட்டை எடுத்து அமுக்கினேன். மின்னியது. நின்றது. திரும்பவும். மின்னியது, நின்றது. மூன்றாவது தடவையும்.

பாயின் ரிமோட்டைத்தான் எட்டிமடைக்காரருக்குக் காட்டினேன். "இப்படி அமுக்கோணுமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. கையைத் தூக்கினேன். தூக்கின கையில் ரிமோட்.

நான் வணக்கம் வைத்தேன் என்று நினைத்திருப்பார் அந்த மனுஷன். ஐயோ. நான்தான். டெம்போக்காரனை வேறு அறைந்தேனே.

19-2

நீல வயரை வெட்டிவிட்டேன். சிடிஐ லைனைப் பழையபடி சேர்த்து ஸ்லீவ் போட்டேன். இனி எந்த மெக்கானிக் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ரொம்ப சுத்தமான வேலை.

ரிமோட்டை மேஜை டிராயரில் பழைய பல்புகளுக்கு அடியில் போட்டிருக்கிறேன்.

20-2

கோபம் இல்லை.

21-2

கோபம் இல்லை. பழனாத்தா, "ஏனுங்க, உங்களுக்கு உடம்புக்குச் சீக்கா? சட்னியில உப்பு இல்லாததுக்கு ஒண்ணுமே சொல்லலையே" என்று கேட்கிறாள்.

26-2

பாய் கடைக்கு வந்தார். நடந்து. வண்டியின் பக்கத்தில்கூடப் போகவில்லை. "யாராச்சும் கேட்டா குடுத்துப்போடுங்க. இனிமே நான் வண்டி ஓட்டறதில்லைன்னு மெஹராஜ்கிட்டச் சொல்லீட்டேன்" என்றார். கேட்டேன், பன் எப்படிப் போடுகிறீர்கள் என்று. டவுன் பஸ்ஸில் கொண்டுபோகிறாராம். அந்தப் பெரிய பையை வைத்துக்கொண்டு.

பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அதையாவது. அதைச் சொன்னால், "அப்ப எதனால நின்னுச்சுங்க?" என்று கேட்பார். அதனால் டீ வாங்கிக் கொடுத்தேன். சீ!

4-3

நோன்பு ஆரம்பித்துவிட்டது. வருஷா வருஷம் போல இன்று பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. அதே எவர்சில்வர் தூக்குப்போசி. மெஹராஜ் பக்கத்து வீட்டு அழகிரிசாமியிடம் கொடுத்துவிட்டிருக்கிறது. அவர் சொல்கிறார்: "அந்த ஊட்டுல இப்பப் பேச்சே கிடையாதுங்க. புள்ள மூஞ்சியத் திருப்பிக்குது. சம்சாரம் சோத்தப் போட்டுட்டு உள்ள போயிருதாம். மனுசன் வாசப்படியிலயே உக்காந்திருக்காரு."

பழனாத்தா எனக்கு ஒரு டம்ளர் ஊற்றி வைத்தாள். சூடு என்று சொன்னேன். ஆறின பிறகும் அங்கேயேதான் இருந்தது.

7-3

இன்றும் கஞ்சி வந்தது.

10-3

சொல்லப் போனேன். பாய் வீட்டுத் தெருமுனை வரை. அங்கே அவர் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பை படியில் மாட்டி, பன் பாக்கெட்டுகள் ரோட்டில் சிதறின. கண்டக்டர் கத்துகிறார். ஐம்பத்து நாலு வயசு மனுஷன் நோன்பு வயிற்றோடு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். போய் எடுத்துக்கொடுக்கக்கூட இல்லை.

என்ன மனுஷன் நான்? பல்லால் வயர் கடிக்கிறவனைத் திட்டுகிறேனே. அவன் வேலையாவது பார்த்ததும் தெரியும், மோசம் என்று.

12-3

வண்டி கேட்டு ஒருத்தன் வந்தான். ஓட்டிப் பார்த்தான். "நல்லா இருக்குங்ணா, ஏன் விக்கறாங்க?" என்றான்.

விற்றுவிட்டால் முடிந்தது. வயர் போச்சு, வண்டி போச்சு, ஒரு சாட்சியும் இல்லை. ரிமோட்டை நொய்யலில் வீசினால் தீர்ந்தது. பாய் மட்டும் சாகிற வரைக்கும் வாசப்படியில் உட்கார்ந்திருப்பார்.

"விக்கறதில்லைங்க" என்றேன். "பின்ன எதுக்குங்ணா ஓட்டிப் பாக்க விட்டீங்க?" என்று அவன் கோபப்பட்டான். படட்டும்.

15-3, சனி

பழனாத்தாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தக் கஞ்சிய எப்படிங்க கையில வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வாயால் சொன்னால் பாய் நம்பமாட்டார். எனக்குத் தெரியும் அவரை. "எனக்காகப் பழியை ஏத்துக்கறீங்களா கண்ணையா" என்று என்னையே தேற்றுவார். அதனால் மத்தியானம் கடையில் உட்கார்ந்து, வெட்டின நீல வயரைத் திரும்ப உரித்து, சாலிடர் வைத்து, முன்னே இருந்தபடியே இணைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் கோணலாக வைத்த சாலிடர் இது ஒன்றுதான். பொட்டு பெரிதாகி, பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது.

16-3, ஞாயிறு

சாயந்திரம் ஐந்து மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே பாய் வீட்டுக்குப் போனேன். ஓட்ட மனசு வரவில்லை. மூன்று பேரையும் வாசலுக்குக் கூப்பிட்டேன். மெஹராஜ், "என்னண்ணா, எதுக்கு இத இங்க கொண்டாந்தீங்க" என்று முகத்தைச் சுளித்தது.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து காட்டினேன். "அன்னைக்கும் பெட்ரோல் இருந்துச்சுங்க. பாய் மேல தப்பில்ல." அப்புறம் ஸ்டார்ட் செய்தேன். ரிமோட்டை எடுத்து ரம்ஷாவின் இடது கையில் கொடுத்தேன். வலது கையில் இன்னும் கட்டு. "அமுக்கு அம்மணி" என்றேன்.

அமுக்கினாள். நாலு இண்டிகேட்டரும் மின்னின. வண்டி நின்றது.

"அத்தா," என்றாள் ரம்ஷா. "நான் சொன்னேன்ல அத்தா."

நான் சொன்னேன். பெருக்கல் குறி போட்டிருந்த வயரை இணைத்ததை, ரிமோட் ஆணியில் இருந்ததை, கையைத் தூக்கினதை, வெட்டி மறைத்ததை. மறுபடி அதையே ஒட்டியதை. தப்பில்லாமல் சொன்னேனா என்று தெரியவில்லை. மெஹராஜ் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாய் வாசப்படியில் உட்கார்ந்தார். அவர் என்னை அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சத்தியமாக. டெம்போக்காரனுக்கு நான் கொடுத்ததை எனக்குக் கொடுத்துவிடட்டும் என்று.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்களக் கேட்டேனே, கண்ணையா" என்றார்.

அவ்வளவுதான். அப்புறம் எழுந்து, "நோன்பு தொறக்கற நேரம் ஆச்சு. போய்ட்டு வாங்க" என்றார். அப்போதும் அந்த 'ங்க' போகவில்லை. அதுதான் தாங்கவில்லை.

17-3

கஞ்சி வரவில்லை.

20-3

டெம்போக்காரன் வீட்டைத் தேடிப் பிடித்துப் போனேன். க.க.சாவடி. மன்னிப்புக் கேட்டேன். அவன் பயந்துபோய் காபி வாங்கிக் கொடுத்தான்.

24-3

பாய் வண்டியை வேறு கடையில் விட்டு அலாரத்தைக் கழற்றியிருக்கிறார். குனியமுத்தூரில். அந்த மெக்கானிக்கை எனக்குத் தெரியும், டேப் சுற்றுகிறவன். என் சாலிடர் எல்லாம் போய் இப்போது கறுப்பு டேப் இருக்கும்.

கோபம் வந்தது. யார் மேல் என்று எழுதத் தெரியவில்லை.

31-3, திங்கள்

ரம்ஜான். பழனாத்தா சமைக்கவில்லை, வருஷா வருஷம் பாய் வீட்டிலிருந்து வரும் பிரியாணிக்காகச் சாயந்திரம் வரை காத்திருந்தாள். அப்புறம் எழுந்து போய் ரசம் வைத்தாள்.

9-4

டிராயிங் பரீட்சை. ரம்ஷா எழுதவில்லை. அக்டோபரில்தான் இனி.

2-5

பிரஷர் 140/90. டாக்டரம்மா டைரியைக் கடைசி வரை படித்துவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "எழுதுறத நிறுத்தாதீங்க" என்றார்.

17-6

ஒன்பது பத்து. பாய் வண்டி! அவரே ஓட்டுகிறார். பின்னால் ரம்ஷா. ஹாரன் இல்லை. கடைப் பக்கம் தலை திரும்பவில்லை. ஆனால் அவள் அவர் தோளுக்கு மேலே எட்டி என்னவோ சொல்கிறாள், அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறார். மனசு லேசாகவும் இருக்கிறது, வெசனமாகவும் இருக்கிறது. அந்தச் சிரிப்பில் முன்னே எனக்கும் பங்கு இருந்தது.

அவர்கள் வருகிற நேரத்தில் இனி நான் கையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

5-8

ஒருத்தர் அலாரம் செட் கொண்டு வந்தார். எட்டு வயர். ஏழைத்தான் இணைத்தேன். நீலத்தை நுனியில் ஸ்லீவ் போட்டுச் சும்மா விட்டேன். "இது எதுக்குங்க தொங்குது?" என்றார். "அது தொங்கட்டுமுங்க" என்றேன். ரெண்டு ரிமோட்டையும் அவர் சட்டைப் பையில் நானே போட்டு அனுப்பினேன். மத்தியானம் சோறு இறங்கியது.

29-10, புதன்

இன்று ரம்ஷாவுக்கு டிராயிங் பரீட்சை. அழகிரிசாமி நேற்றே சொல்லியிருந்தார்.

எட்டரைக்கே கடையைத் திறந்து உட்கார்ந்தேன். ஒன்பது பத்துக்கு வண்டி வந்தது. அவள் முதுகில் பை, அதிலிருந்து படம் போடுகிற டிராஃப்டர் நீட்டிக்கொண்டிருந்தது. வலது கையால் அத்தாவின் தோளைப் பிடித்திருந்தாள். நான் தலையைக் குனிந்து பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஹாரன் கேட்டது. ஒன்று. ரெண்டு இல்லை, ஒன்றே ஒன்று.

வண்டி போய்விட்டது. நாய் ஏதாவது குறுக்கே வந்திருக்கும் என்று எழுந்து ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ரோடு காலியாகத்தான் இருந்தது.